ஒரு ஆளுக்கு இரண்டு கண்

என் ஓரகத்திக்குக் கண் ஆஸ்பத்திரியின் பதிவறையில் வேலை. என் கணவரின் அண்ணன் மனைவி அவள். வீட்டில் நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஆஸ்பத்திரியில் வாட்ச்மேன் முதல் டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் ‘எத்தனைக்கா’. யார் எந்தப் பட்டியலைக் கொண்டுபோய் நீட்டினாலும், வாங்கிப் பார்ப்பதற்கு முன்பே, “முன்னாடி எத்தனை இருந்துச்சு? இப்ப எத்தனை இருக்கு?” என்பாள். பதில் தெரியாதவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவாள். அதனால் வந்த பெயர்.

அதே ஆஸ்பத்திரியில் கீழே முன்பதிவு கவுண்டரில் நான் இருக்கிறேன். அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததே அவள்தான். வீடும் ஒரே கட்டடத்தில். அவர்கள் மேல்மாடி, நாங்கள் கீழே. ஓரகத்திகள் என்றால் எலியும் பூனையும் என்பார்கள். எங்களுக்கு அதற்கெல்லாம் நேரம் கிடைத்ததில்லை. பகல் முழுக்க ஆஸ்பத்திரியில் மற்றவர்களோடு போட வேண்டிய சண்டையே மிச்சம் இருக்கும்.

அக்கா தட்டச்சராகச் சேர்ந்தவள். கம்ப்யூட்டர் வந்தபோது கூட இருந்த மற்ற இரண்டு தட்டச்சர்களும் வேறு பிரிவுக்கு மாறிப் போக, இவள் மட்டும் உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். அவளுடைய அறை இரண்டாம் மாடியில், துவைத்த துணிகள் அடுக்கும் அறைக்குப் பக்கத்தில். எப்போதும் சோப்பு வாசனை. ஒரே ஒரு ஜன்னல்; அதைத் திறந்தால் லிஃப்ட் மோட்டாரின் உறுமல். மூடினால் புழுக்கம். ‘உறுமலா புழுக்கமா’ என்று தினமும் காலையில் ஒரு முடிவெடுத்துவிட்டுத்தான் உட்காருவாள்.

பிரச்சினை ஒரு நல்ல எண்ணத்தில் ஆரம்பித்தது. கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியவர்களில் பலர் மறந்துவிடுகிறார்கள். முந்தின நாளே அவர்களுடைய போனுக்கு ஒரு செய்தி அனுப்பினால் என்ன என்று எங்கள் மேலாளருக்குத் தோன்றியது. அவர் கெட்டவர் இல்லை. எதற்கும் பொறுமை இல்லாதவர், அவ்வளவுதான். ‘சீக்கிரம் சார்’ என்று அவருக்கும் ஒரு பெயர் உண்டு. மென்பொருள் வேலைக்கு ஒப்பந்தத்தில் இருந்த இளைஞரைக் கூப்பிட்டு, இந்த வாரத்துக்குள் முடிக்கச் சொன்னார்.

கம்ப்யூட்டரில் ஆபரேஷன்களுக்கு ஓர் அட்டவணை இருந்தது. எந்த நோயாளி, எந்தக் கண், என்ன தேதி, எந்த லென்ஸ் என்று ஓர் ஆபரேஷனுக்கு ஒரு வரி. போன் நம்பர்களுக்கு வேறோர் அட்டவணை. மென்பொருள்காரர் இரண்டையும் நோயாளி எண்ணை வைத்து இணைத்தார். இணைத்து வந்த பட்டியலையே ஆபரேஷன் தியேட்டருக்கும், லென்ஸ் கிடங்குக்கும், என் கவுண்டர் திரைக்கும் அனுப்பும்படி செய்துவிட்டார். எல்லாருக்கும் ஒரே பட்டியல். மேலாளருக்கு ஒரே மகிழ்ச்சி.

அக்காவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த வாரம் என் திரையில் எல்லா நாளும் ‘நிரம்பிவிட்டது’ என்று காட்டியது. வந்தவர்களுக்கெல்லாம் அடுத்த மாதத்துக்குத் தேதி கொடுத்தேன். கெஞ்சினார்கள், திட்டினார்கள். ஒரு பெண்மணி தன் மாமியாரைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து, “இவங்க சுவத்துல முட்டிக்கிறாங்க, இன்னும் ஒரு மாசமா?” என்று கேட்டார். இடம் இல்லையே, நான் என்ன செய்ய?

அதே நேரம் மேலே தியேட்டரில் டாக்டர் மத்தியானமே கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். பிரித்து வைத்த கருவித் தட்டுகள் அப்படியே கிடந்தன. தலைமை நர்ஸ் கீழே வந்து என் கவுண்டரைத் தட்டினார்.

“பட்டியல்ல இருக்கிறவங்க பாதிப் பேர் வரலை. நீ தேதி சரியாச் சொன்னியா இல்லையா?”

“சொன்னேனே சிஸ்டர். எல்லாருக்கும் மெசேஜும் போயிருக்கு.”

“அப்ப ஆளுங்க எங்கே? ஆவியா போயிட்டாங்களா?”

‘வரவில்லை’ என்று வரிசையாகக் குறித்துவிட்டு அவர் போனார். அன்று சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அக்காவிடம் புலம்பினேன். அவள் ஜன்னல் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று திரும்பினாள்.

“உன் திரையில மொத்தம் எத்தனை காட்டுது?”

“முந்நூறுக்கு மேல.”

“என் ஆபரேஷன் அட்டவணையில இருநூறு சொச்சம்தானே இருக்கு. போனைக் கொண்டுவந்து ஒட்டினதுல ஆளுங்க எப்படிக் கூடுவாங்க? போன் குட்டி போடுமா?”

மறுநாள் காலை அவள் கண்டுபிடிப்பதற்கு ஒரு டீ ஆறும் நேரம்தான் ஆயிற்று. பல நோயாளிகளுக்கு இரண்டு நம்பர் இருந்தது. ஒன்று அவர்களுடையது, இன்னொன்று மகனுடையதோ மருமகளுடையதோ. சிலருக்கு மூன்று. இணைக்கும்போது கம்ப்யூட்டர் ஒவ்வொரு நம்பருக்கும் அந்த ஆபரேஷனை ஒருமுறை எழுதியிருக்கிறது. ஒரே ஆபரேஷன், இரண்டு வரி. இரண்டு வரிக்கும் இரண்டு இடம். முழுப் பட்டியலும் போன் நம்பர் வரிசையில் அடுக்கப்பட்டிருந்ததால் ஒரே பெயர் நாலு பக்கம் தள்ளி வந்திருக்கிறது. யாருக்கும் கண்ணில் படவில்லை. ‘வரவில்லை’ என்று குறிக்கப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் காலையிலேயே வந்து ஆபரேஷன் முடிந்து போனவர்கள்.

அக்கா மேலாளரிடம் போய்ச் சொன்னாள். நானும் கூடப் போனேன்.

“ஓ, ரெட்டை ரெட்டையா வருதா? அவ்வளவுதானே?” என்றார் அவர். “ரெட்டையை எல்லாம் அழிச்சுட்டா போச்சு. ஒரு பட்டன் வேலை.”

“அழிக்கிறது கடைசி சார். முதல்ல ஏன் ரெட்டையாச்சுன்னு பாக்கணும். ஒரு ஆளுக்கு ஒரு நம்பர்னு போன் அட்டவணையைச் சுருக்கிட்டு, அப்புறம் இணைச்சா ரெட்டையே வராது. எனக்கு ரெண்டு மூணு நாள் குடுங்க.”

“ரெண்டு மூணு நாளா?” மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். “பாக்கலாம்மா.”

‘பாக்கலாம்’ என்று அவர் சொன்னால் பார்க்க மாட்டார் என்பது எங்களுக்குத் தெரியும். அவள் அறைக்குப் போய் உட்கார்வதற்குள் மென்பொருள்காரருக்கு உத்தரவு போய்விட்டது. அவரும் பாவம், சொன்னதைச் செய்தார். ஒரு நோயாளி எண்ணுக்கு ஒரு வரி, முதலில் வரும் வரி மட்டும் இருக்கட்டும், மற்றதெல்லாம் போகட்டும் என்று எழுதிவிட்டார். பட்டியல் சுத்தமாகிவிட்டது. ஒரு பெயர்கூட இரண்டு முறை இல்லை. மேலாளர் அதை எல்லாப் பிரிவுக்கும் அனுப்பி, ‘கோளாறு சரிசெய்யப்பட்டது’ என்று மேலே ஒரு வரியும் போட்டிருந்தார்.

அக்கா அதைப் பார்த்துவிட்டு என்னை போனில் கூப்பிட்டாள். குரலே மாறியிருந்தது.

“நூத்தி எழுபது சொச்சம்தான் இருக்கு.”

“குறைஞ்சிடுச்சே, நல்லதுதானே அக்கா?”

“என்ன நல்லது? இணைக்கிறதுக்கு முன்னாடியே இருநூறு சொச்சம். அதுக்கும் கீழ எப்படிப் போகும்? களை பிடுங்குறேன்னு பயிரையும் சேத்துப் பிடுங்கி வச்சிருக்காங்க.”

எந்த வரிகள் காணாமல் போயின என்று பார்க்க அவளுக்கு மத்தியானம் வரை பிடித்தது. பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். போனவை எல்லாம் இரண்டாவது கண்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணிலும் புரை இருப்பவர்களுக்கு முதலில் ஒரு கண்ணை முடித்து, சில வாரம் கழித்து மற்ற கண்ணைச் செய்வார்கள். ஆபரேஷன் அட்டவணையில் அவர்களுக்கு இரண்டு வரி இருக்கும். அது தப்பு இல்லை, இருக்க வேண்டிய இரண்டு. ஒரு ஆளுக்கு ஒரு வரி என்றதும் முடிந்துபோன முதல் கண் பட்டியலில் தங்கிவிட்டது; இனிமேல் செய்ய வேண்டிய கண் போய்விட்டது.

மேலாளர் கூட்டத்தில் இருந்தார். காத்திருந்தாள். கூட்டத்திலிருந்து நேரே இன்னொரு கூட்டத்துக்குப் போனார். மேசையில் ஒரு குறிப்பு எழுதி வைத்துவிட்டு வந்தாள். தியேட்டருக்குப் போய்த் தலைமை நர்ஸிடம் சொன்னாள். “மேலாளர் கையெழுத்து இல்லாம நான் ஒரு லென்ஸ்கூட எடுத்து வைக்க முடியாது, தெரியும்ல?” என்றார் அவர். மென்பொருள்காரரோ, “மேடம், மாத்தணும்னா மேலாளர்தான் சொல்லணும்” என்றார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். இங்கே ஒருவரும் செவிடில்லை, எல்லோருக்கும் நன்றாகவே கேட்டது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அன்று மாலை மேல்மாடியில் பாத்திரங்கள் விழும் சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது. நான் போனபோது அவள் கழுவின தட்டையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பொறுமைதான் அவருக்கு முதலீடு. “விடேன். உன் வேலையை நீ செஞ்சாச்சு. அவங்க கேக்கலைன்னா அவங்க பாடு” என்றார்.

“அவங்க பாடு இல்லைங்க. நாளைக்குக் காலையில வந்து நிக்கப்போறது அவங்க இல்ல.”

“பின்ன?”

“ஒரு கண்ணு தெரியாத ஆளுங்க.”

அவர் என்னைப் பார்த்து, ‘நீ எதையும் கிளறாதே’ என்பதுபோல் கண்ணைக் காட்டினார்.

மறுநாள் காலையில் என் கவுண்டரில் முதலில் வந்து நின்றவர் ஒரு தையல்காரர். அவரை எனக்கு நினைவிருந்தது. போன மாதம் வலது கண் ஆபரேஷன் முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு போகும்போது என் புடவை முந்தானையின் தையல் பிரிந்திருப்பதைச் சுட்டிக்காட்டிவிட்டுப் போனவர். இன்று இடது கண். கடையை மூடிவிட்டு, துணைக்குத் தங்கையின் மாப்பிள்ளையைக் கூட்டி வந்திருந்தார். திரையில் தேடினேன். அவர் பெயர் இருந்தது. பக்கத்தில் ‘வலது கண், முடிந்தது’.

“அண்ணே, இன்னைக்கு உங்க பேர் இல்லையே.”

“நீங்கதானேம்மா சீட்டுல எழுதிக் குடுத்தீங்க?” சீட்டை நீட்டினார். என் கையெழுத்துதான்.

“கம்ப்யூட்டர்ல...”

“ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்புன்னு சும்மா சொல்லுவாங்க. நீங்க நிஜமாவே செய்யுறீங்களேம்மா!”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “ஒரு கண்ணு பளிச்சுன்னு தெரியுது, இன்னொண்ணு புகை மண்டலமா இருக்கு. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடுதும்மா. பழைய கண்ணாடியும் ஒத்து வரலை. டேப்புல கோடு எல்லாம் நெளியுது. போன வாரம் ஒருத்தர் சட்டைக்கு ஒரு கையைக் குட்டையா வெட்டிட்டேன். இன்னைக்கு முடிஞ்சிடும்னு சொல்லித்தான் எல்லார்கிட்டயும் வேலை வாங்கி வச்சிருக்கேன்.”

அவருக்குப் பின்னால் இன்னும் இருவர், அதே போல, கையில் சீட்டோடு. மூவரையும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன். அக்கா நான் வாயைத் திறப்பதற்கு முன்பே எழுந்துவிட்டாள். அவள் கையில் விடுபட்டவர்களின் பட்டியல் தயாராக இருந்தது.

முதலில் தியேட்டர். தலைமை நர்ஸ் இந்த முறை முகம் சுருங்கிப்போய், “லென்ஸ் கிடங்குலேருந்து நேத்தே வரணும்மா. அவர் கண்ணுக்கு உண்டான பவர் இங்க இல்லை. நான் என்ன பண்ணட்டும்?” என்றார். பிறகு கிடங்கு. அங்கிருந்தவர் சாவி மேலாளர் சொன்னால்தான் என்றார். திரும்பும்போது நடைபாதையில் மேலாளரே எதிரே வந்தார். கையில் கோப்பு, காதில் போன்.

“சார், மூணு பேர் கீழ உக்காந்திருக்காங்க. இந்த வாரம் இன்னும் வருவாங்க. நேத்தே எழுதி வச்சேனே...”

அவர் போனைக் காதிலிருந்து எடுத்தார். “ரெட்டை வருதுன்னு சொன்னது நீங்கதானேம்மா? அழிச்சுக் குடுத்தா இப்ப ஏன் அழிச்சீங்கன்னு கேக்குறீங்க. ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு வரி? ஒரு ஆளுன்னா ஒரு வரி. அதுதானே சரி?”

அக்கா யாரிடமும் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. வீட்டில்கூடப் பாத்திரங்கள்தான் சத்தம் போடும். அன்று அவள் குரல் துணி அறை வரை போனது.

“சார்! உங்களுக்கு எத்தனை கண்ணு?”

துணி வண்டியைத் தள்ளி வந்தவர் அப்படியே நின்றார். மேலாளரின் கை, அவருக்கே தெரியாமல், மூக்குக் கண்ணாடிக்குப் போனது.

“ரெண்டு கண்ணு இருந்தா ரெண்டு ஆபரேஷன், ரெண்டு வரி. அது ரெட்டை இல்ல சார். ரெண்டு போன் இருந்து ரெண்டு வரி வந்துச்சே, அதுதான் ரெட்டை. எது எதுன்னு பாக்காம அழிச்சா, மனுஷங்க கண்ணைத்தான் அழிக்கிறோம்.”

மேலாளர் அவள் கையிலிருந்த தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். கோபத்தில் பேனா தாளைக் கிழித்தது.

கையெழுத்து கிடைத்தும் அன்றைக்குப் பயனில்லை. ஒருவருடைய லென்ஸ் மட்டும் கிடங்கில் இருந்ததால் அவருக்கு ஆபரேஷன் நடந்தது. தையல்காரருக்கும் இன்னொருவருக்கும் உண்டான பவர் வெளியிலிருந்து வர வேண்டும். அடுத்த வாரம் வரச் சொன்னோம். அக்காவே கீழே வந்து தையல்காரரிடம் விளக்க முயன்றாள். இரண்டு போன், இரண்டு வரி என்று ஆரம்பித்தவளை அவர் கையமர்த்தினார்.

“எனக்கு அதெல்லாம் எதுக்கும்மா? அடுத்த வாரம் வந்தா பேர் இருக்குமா?”

“இருக்கும்.”

“இன்னைக்கும் இருக்கும்னுதான் சீட்டு சொல்லுச்சு.”

அவர் போன பிறகு அக்கா அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

விடுபட்டவர்களை எல்லாம் அவளும் நானும் போனில் கூப்பிட்டு, தேதி உறுதி செய்தோம். ஆபரேஷன் அட்டவணைக்கும் போன் அட்டவணைக்கும் நடுவே எதை எப்படி மாற்ற வேண்டும் என்று அவள் மென்பொருள்காரருக்கு எழுதிக் கொடுத்தாள். ஆபரேஷன் அட்டவணையில் கை வைக்காதே, போனில் ஒரு நோயாளிக்கு ஒரே ஒரு நம்பரை முதலில் பொறுக்கு, பிறகு இணை, இணைத்த பிறகு வரிகள் கூடினாலும் குறைந்தாலும் பட்டியலை வெளியே அனுப்பாதே, நிறுத்து. போன் இல்லாதவர்களும் விழுந்துவிடக் கூடாது, நம்பர் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு ஆளை வை. அவர் படித்துவிட்டு, “இதுக்கு ஒரு விண்ணப்பம் போடணும் மேடம்” என்றார். போட்டாள். அது மேலாளர் மேசையில் கிடந்து, நகர்ந்து, வருவதற்குள் தினமும் காலையில் அவளே பட்டியலைக் கையால் சரிபார்த்து அனுப்பினாள். சாப்பாட்டு டப்பா பல நாள் திறக்கப்படாமலே வீடு திரும்பியது.

அதற்கு நடுவில் அவளுக்கு ஒரு மெமோ வந்தது. மேலதிகாரியிடம் பொது இடத்தில் குரல் உயர்த்தியதற்கு விளக்கம் கேட்டு. ஒன்று இல்லை, இரண்டு உறைகள். இரண்டிலும் அதே மெமோ, ஓர் எழுத்து மாறாமல். பதிவறை, புள்ளிவிவரம் என்று ஊழியர் பட்டியலில் அவள் பெயர் இரண்டு பிரிவிலும் இருந்தது. அங்கேயும் யாரோ எதையோ இணைத்திருக்கிறார்கள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“நான் கத்தினது ஒரு தடவைதான்டி” என்றாள். “இதையும் நான்தான் போய்ச் சொல்லணுமா?”

வருத்தம் தெரிவித்து ஒரு பதில் எழுதிக் கொடுத்தாள். மேலாளர் அதை வாங்கி வைத்துக்கொண்டதோடு சரி. மாதாந்தரக் கூட்டத்தில் ‘நாங்கள் கண்டறிந்து சரிசெய்தோம்’ என்று அவர் பேசியபோது, அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

தையல்காரருக்கு அடுத்த வாரம் இடது கண் முடிந்தது. பட்டியலில் பெயர் இருந்தது. அவர் யாருக்கும் நன்றி சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

வேலை மட்டும் தீரவில்லை. ஒரு ஆளுக்கு ஒரே நம்பர் என்றால் எந்த நம்பர்? கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. ஒவ்வொருவரையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். அந்தப் பொறுப்பு என் கவுண்டருக்கு வந்தது. கணவர் ‘என் நம்பருக்கு’ என்பார், மனைவி ‘அவர் எடுக்க மாட்டார், எனக்கு’ என்பாள், மகன் இருவரையும் தள்ளிவிட்டுத் தன் நம்பரைச் சொல்வான். அவர்கள் சண்டை தீரும் வரை வரிசை வாசல் வரை நிற்கும். பின்னால் நிற்பவர்களின் திட்டு எனக்கு. நான் மேலே போய் அக்காவைத் திட்டிவிட்டு வருவேன்.

போன வாரம் அப்படித் திட்டப் போயிருந்தபோது மென்பொருள்காரர் அவள் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். நோயாளிகளின் விலாசங்களையும் பட்டியலோடு சேர்க்க வேண்டுமாம். மேலாளரின் புதிய யோசனை. வழக்கம்போல் இந்த வாரத்துக்குள்.

“அக்கா,” என்றார் அவர். மேடம் என்பதை எப்போது விட்டார் என்று தெரியவில்லை. “இணைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். ஒரு ஆளுக்கு ரெண்டு விலாசம் இருக்குமா?”

அக்கா திறந்திருந்த சாப்பாட்டு டப்பாவை மூடினாள். ஜன்னலையும் சாத்தினாள், மோட்டார் சத்தத்தில் பேச்சு கேட்காது என்று.

“இருக்கும்,” என்றாள். “பெரிய மகன் வீட்டுல ஆறு மாசம், சின்ன மகன் வீட்டுல ஆறு மாசம்னு இருக்கிறவங்க எத்தனை பேர்! உக்காருங்க. இது ஒரு நாள்ல முடியாது.”